சும்மா வந்தவர்கள்

மறுபடியும் கதவு தட்டும் சத்தம் கேட்டபோது அவள் குளியலறையில் குந்தி உட்கார்ந்து குழந்தையின் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். மழை பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றிருந்தது. துவைத்தது எதுவும் காயவில்லை. கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய கயிறுகளில் சின்னச் சின்னத் துணிகள் தொங்கின. நடக்கும்போதெல்லாம் ஏதாவது ஒன்று ஈரமாகக் கன்னத்தைத் தடவும். வீடு முழுக்கப் பாலும் சோப்பும் கலந்த ஒரு புளித்த வாடை.

கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு போய்த் திறந்தாள். கீழே மளிகைக் கடை வைத்திருப்பவர் நின்றுகொண்டிருந்தார். மூன்று மாடி ஏறி வந்ததில் அவருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

“முட்டை வந்திருக்கு,” என்றார். “வேணுமான்னு கேட்டுட்டுப் போலாம்னு.”

“இதுக்கா மாடி ஏறி வந்தீங்க? கீழேருந்து ஒரு குரல் கொடுத்திருந்தா கூடைய இறக்கியிருப்பேனே.”

“சும்மா ஒரு நடை. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு.”

“முழங்கால் வலிக்கு மாடி ஏறச் சொல்ற டாக்டர இப்பதான் கேள்விப்படறேன்.”

அவர் சிரித்தார். ஆனால் கண் அவள் மேல் இல்லை. அவள் தோளைத் தாண்டி, தொங்கும் துணிகளை விலக்கிக்கொண்டு உள்ளறை வரைக்கும் போயிருந்தது.

“குழந்தை தூங்குதா?”

“தூங்குது.”

“உள்ளயா?”

“பின்ன, கயித்துலயா காயப்போட்டிருக்கேன்?”

இந்தத் தடவை அவர் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது. ஒரு காலை எடுத்து வாசல்படிக்கு உள்ளே வைத்து, கழுத்தை நீட்டி, கட்டிலின் ஓரத்தில் குட்டிக் கால் ஒன்று தெரிந்ததும்தான் காலைப் பின்னால் எடுத்தார். ‘சரிம்மா, வரேன்’ என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். முட்டை வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சே வரவில்லை.

அவள் கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றாள்.

உயரமான கட்டடங்களின் லிஃப்டையெல்லாம் பழுது பார்க்கிறவன் அவள் கணவன். அவன் குடியிருக்கும் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. அதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் தெருவில் இல்லை. அதனாலேயே காரியம் இல்லாமல் யாரும் மூன்றாம் மாடிக்கு ஏறுவதில்லை. பால்காரனே கூடையில்தான் வைப்பான். இப்போது கொஞ்ச நாளாக ஆள் மாற்றி ஆள் ஏறுகிறார்கள். கடைக்காரர் காலையில் வருவார். கடைக்கு அடுத்த அறையில் தையல் மிஷின் போட்டிருக்கும் டெய்லரம்மா மத்தியானம் வருவார். கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் வைத்திருந்தார்கள். சும்மா.

இரண்டாவது பிரசவத்துக்கு முன்னால் வரை அவள் ஒரு மருந்துக்கடையில் கவுண்டரில் நின்றவள். டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்க வருகிறவன் நேரே கேட்க மாட்டான். முதலில் இருமல் மிட்டாய் கேட்பான். அடுத்து பஞ்சு கேட்பான். கண் மட்டும் பின்னால் இருக்கும் அலமாரியில் இருக்கும். கேட்க வந்தது ஒன்று, கேட்பது வேறொன்று என்று இருக்கிற முகம் அவளுக்கு அத்துப்படி. அந்த முகம் இப்போது தினம் அவள் வாசலுக்கு வந்தது.

போதாததற்கு நாத்தனார். முன்பெல்லாம் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால்தான் அவளிடமிருந்து போன் வரும். இப்போது தினம் வந்தது. அவள் சமையலில் நிற்கும் நேரம் பார்த்து வந்தது.

“என்ன அண்ணி, என்ன பண்றீங்க?”

“உருளைக்கிழங்கு உரிச்சுட்டு இருக்கேன்.”

“குழந்தை பக்கத்துலதானே இருக்கு?”

“இங்கதான் இருக்கு.”

“சத்தமே காணோமே.”

“தூங்கற குழந்தை என்ன பாட்டா பாடும்?”

“அதுக்கில்ல அண்ணி. போன கொஞ்சம் அதுகிட்ட வைங்களேன். மூச்சு விடற சத்தம் கேக்கணும் போல ஆசையா இருக்கு.”

அவள் போனைக் குழந்தையின் மூக்கருகே வைத்தாள். நாத்தனார் கொஞ்ச நேரம் கேட்டாள். ‘ஆங், சரி, வேலையப் பாருங்க’ என்று வைத்துவிட்டாள். மூச்சுச் சத்தம் கேட்க ஆசைப்படுகிறவர்கள் யாரையும் அவள் அதுவரை பார்த்ததில்லை.

அன்று தங்கையிடம் போனில் பேசும்போது அவளுக்கே தெரியாமல் இதெல்லாம் வாயில் வந்துவிட்டது. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, குழந்தையை மடியில் போட்டு, பால் கொடுத்துக்கொண்டே சொன்னாள்.

“மாமா எப்படி இருக்காரு?” என்றாள் தங்கை.

“அவருக்கென்ன. வேலைக்குப் போறாரு, வராரு.”

“வந்தப்புறம்?”

“சாப்பிடறாரு, தூங்கறாரு.” கொஞ்சம் யோசித்தாள். “பால்கனியில நின்னு போன் பேசறாரு. நான் துணி எடுக்கப் போனா பேச்ச நிறுத்திடறாரு.”

“அக்கா.”

“என்ன?”

“கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காத. ஒண்ணு, அவர் உன்கிட்ட எதையோ மறைக்கறாரு. இல்ல, நீ எதையோ மறைக்கறன்னு அவருக்குத் தோணியிருக்கு. ரெண்டுல ஒண்ணு. இல்லாட்டி எதுக்கு உன்ன சுத்தி ஆள் போடணும்? நீ வீட்டுலதான் இருக்கியான்னு யாருக்கோ தெரியணும்.”

அவள் சிரித்துவிட்டாள். “நான் என்னத்தடி மறைக்கப்போறேன்? தலை சீவி எத்தன நாளாச்சுன்னே தெரியல.”

“அப்ப முதல்ல சொன்னதுதான்.”

சிரிப்பு நின்றுவிட்டது. குழந்தை பால் குடிப்பதை விட்டு அவளை நிமிர்ந்து பார்த்தது. மடியில் இருப்பவர்களுக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது.

அன்றைக்கு அவன் வேலை முடிந்து வந்ததும் வழக்கம்போல அவன் சட்டையை வாங்கித் துவைக்கப் போட்டாள். போடும் முன் மோந்து பார்த்தாள். கிரீஸ் வாடை. வியர்வை. கட்டடத்துக்குள்ளேயே கிடக்கிறவர்கள் மேல் படியும் புழுதி. வேறு ஒன்றுமில்லை. இப்படி மோந்து பார்க்கிற பெண்களைப் பற்றி மருந்துக்கடையில் கேலி பேசிச் சிரித்தது நினைவுக்கு வந்து, சட்டையைத் தண்ணீரில் அமுக்கினாள்.

கூடத்தில் அவன் பெரியவளோடு உட்கார்ந்திருந்தான். போன வருஷம்தான் அவளைப் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். ஷூ லேஸ் கட்டப் பழகிக்கொண்டிருந்தாள். மகள் ஒரு முடிச்சு போட, அவன் இழுத்துப் பார்த்து, ‘இல்ல, மறுபடி’ என்றான். மறுபடி போட்டாள். மறுபடி இழுத்தான். குளியலறை வாசலில் நின்று அவள் அவனையே பார்த்தாள். நல்ல மனுஷன். சத்தம் போட்டுப் பேச மாட்டான். தட்டை அவனே கழுவி வைப்பான். இவ்வளவு நல்லவன் ஒருத்தன் எதையாவது மறைத்தால் அதைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்தாள். அப்படி நினைத்தது அவளுக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் நினைப்பு போகவில்லை.

மறுநாள் காலையில் கடைக்காரர் வந்து தட்டியபோது அவள் திறக்கவில்லை.

வேண்டுமென்றேதான் திறக்கவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கதவுக்கு இந்தப் பக்கம் மூச்சைப் பிடித்து நின்றாள். அவர் தட்டினார். ‘அம்மா’ என்றார். கதவில் காதை வைக்கும் சரசரப்பு கேட்டது. குழந்தை அவள் காது வளையத்தைப் பிடித்து இழுத்தது. இழுத்துவிட்டுப் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அவர் செருப்புச் சத்தம், எப்போதும்போல் ஒவ்வொரு படியாக இல்லாமல், மடமடவென்று இறங்கியது. அந்த முழங்காலில் அவ்வளவு வேகம் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் போன் அடித்தது. கணவன்.

“எங்க இருக்க?” மூச்சு வாங்கியது. பின்னால் இரும்பு உரசும் சத்தம்.

“வீட்டுலதான்.”

“குழந்தை?”

“இடுப்புல. ஏன்?”

“ஒண்ணுமில்ல. சும்மாதான்.”

போனை வைத்துவிட்டான். பால் பொங்கி அடுப்பில் வழிந்து தீய்ந்தது. அவள் அதைத் துடைக்காமல் நின்றாள். ஆக, எல்லாரையும் ஒரே கயிற்றில்தான் கட்டியிருக்கிறது. கயிற்றின் மறுமுனை அவள் கணவன் கையில் இருக்கிறது. அவள் வீட்டில் இருக்கிறாளா என்று அவனுக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. எதற்கு? அவள் வெளியே போனால் எந்தத் தெருவில், யாரோடு, எதைப் பார்த்துவிடுவாள் என்று பயப்படுகிறான்? தங்கை சொன்னது பொய்யாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே, அது உண்மையானால் எங்கே போவது, யாரிடம் போவது, மருந்துக்கடையில் மறுபடி சேர்த்துக்கொள்வார்களா, குழந்தையை எங்கே விடுவது என்று மனசு அதுபாட்டுக்குக் கணக்குப் போட்டது. துணிகளைப் பிழியும்போது வழக்கத்தைவிட இறுக்கிப் பிழிந்தாள்.

மத்தியானம் டெய்லரம்மா வந்தார். கழுத்தில் அளவு நாடா மாலைபோலக் கிடந்தது. சேலை முந்தானையெல்லாம் நூல் துணுக்குகள். நாலு மாதமாகத் தைக்கக் கொடுத்தவர்களின் துணியெல்லாம் குவிந்து கிடக்க, ஒரு நிமிஷம் எழுந்திருக்க நேரமில்லை என்று புலம்புகிறவர்.

“வாங்கக்கா. என்ன வேணும்?”

அந்தம்மா வாசலில் நின்று விழித்தார். முந்தின நாள் தீப்பெட்டி கேட்டாகிவிட்டது. அதற்கு முந்தின நாள் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்க வந்தாகிவிட்டது. படி ஏறும்போது யோசித்து வந்தது மறந்துவிட்டது போல. கண் இங்குமங்கும் அலைந்து, கயிற்றில் கிடந்த ஒரு சட்டையில் நின்றது.

“ஒரு ஊசி இருந்தா கொடேன்,” என்றார்.

அவள் பார்த்தாள். அளவு நாடாவைப் பார்த்தாள். அந்தம்மாவின் ரவிக்கையில், இடது தோளுக்குக் கீழே, வரிசையாகக் குத்தி வைத்திருந்த ஊசிகளைப் பார்த்தாள். ஒன்றில் நூல்கூடக் கோத்திருந்தது.

டெய்லரம்மாவும் குனிந்து தன் ரவிக்கையைப் பார்த்துக்கொண்டார்.

மழை ஜன்னல் தகரத்தில் தடதடத்தது.

“உள்ள வாங்கக்கா,” என்றாள் அவள்.

“இல்லம்மா, மிஷின அப்படியே போட்டுட்டு வந்தேன்...”

“உள்ள வந்து உக்காருங்க. உண்மையச் சொல்லிட்டு அப்புறம் போங்க. அவருக்கு யாரோட சகவாசம்? நான் அழ மாட்டேன். சொல்லுங்க.”

“சகவாசமா?” அந்தம்மா வாயைப் பிளந்தார். “யாருக்கு, உன் வீட்டுக்காரருக்கா? அட கண்றாவியே! அந்த மனுஷன் தெருவுல நடந்தாலே காலப் பாத்துதான் நடப்பாரு. உனக்கு எப்படிம்மா இப்படியெல்லாம் தோணுது?”

“பின்ன எதுக்கு எல்லாரும் படியேறிப் படியேறி என்னப் பாத்துட்டுப் போறீங்க?”

டெய்லரம்மா உள்ளே வந்து உட்கார்ந்து, முந்தானையில் இருந்த நூல் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் உருட்டினார். உருண்டை பெரிதாகிக்கொண்டே போனது.

“உன்ன இல்லம்மா,” என்றார் கடைசியில். “குழந்தைய.”

அவளுக்கு முதலில் புரியவில்லை.

“அன்னைக்கு நீ இதத் தூங்கவெச்சுட்டு, மறந்தாப்புல பெரியவளக் கூட்டிட்டு வரப் போயிட்டியாமே. அதச் சொன்னாரு. ஒரு கண்ணு வெச்சுக்கோங்கன்னாரு, பாவம், கண்ணு கலங்கிப்போய். உனக்குத் தெரிய வேணாம், மனசு கஷ்டப்படுவான்னு சொன்னாரு. நான் என்ன செய்ய? எனக்குப் பொய் வருமா? நூல் வேணும்னு கேட்டிருக்கலாம். அதுவும் கடையில கெடக்கு.”

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். குழந்தை கை இரண்டையும் மேலே தூக்கி, யாரிடமோ சரணடைந்த மாதிரித் தூங்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்கும் இப்படித்தான் தூங்கியது. மழை தொடங்காத நாட்கள். ராத்திரியெல்லாம் அழுத குழந்தை மத்தியானம் கண்ணயர்ந்ததும் அவளுக்கும் தலை கிறுகிறுத்தது. பள்ளி விடும் நேரம். கை தானாகச் சாவியை எடுத்தது. கால் தானாகச் செருப்பில் நுழைந்தது. குழந்தை பிறப்பதற்கு முன்னால் தினமும் செய்தது. கதவைப் பூட்டினாள், இறங்கினாள், நடந்தாள். காற்று நன்றாக இருந்தது. ரொம்ப நாள் கழித்துக் கையை வீசி நடக்கிறோம் என்றுகூடத் தோன்றியது. பள்ளி வாசல் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான், ஏன் கை இவ்வளவு லேசாக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டாள்.

ஓடினாள். எப்படி ஓடினாள் என்று அவளுக்கு நினைவில்லை. கதவைத் திறந்தபோது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஒரு ஈகூட உட்காரவில்லை. பிறகு அதைத் தூக்கிக்கொண்டு மறுபடி பள்ளிக்கு ஓடி, பெரியவள் வாசலில் தனியாக நின்றிருந்ததைப் பார்த்தாள்.

அதை அவள் ஒருத்தனிடம்தான் சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். அவனும் சிரித்தான்.

“காபி போடவா அக்கா?” என்றாள் டெய்லரம்மாவிடம்.

“வேணாம்மா. நான் சொன்னேன்னு சொல்லிடாத.” எழுந்து வாசல்வரை போனவர் திரும்பினார். “என் ரெண்டாவது வயித்துல இருந்தப்ப நான் பெரியவன பஸ்ஸுலயே விட்டுட்டு எறங்கியிருக்கேன். யாருகிட்டயும் சொல்லல. நீ எதுக்கு வாயத் தொறந்த?”

அவன் வந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. குடையைச் சுருக்கி மூலையில் வைத்தான். கிரீஸ் போகச் சோப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கை கழுவினான். பெரியவள் தரையில் உட்கார்ந்து அவித்த முட்டையின் ஓட்டை மெல்ல மெல்ல உரித்துக்கொண்டிருந்தாள். அவள் அவனுக்குத் துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

“டெய்லரம்மா மூச்சுகூட விடல,” என்றாள். “நானாத்தான் கண்டுபிடிச்சேன்.”

அவன் துடைப்பதை நிறுத்தினான். என்ன என்று கேட்கவில்லை. அதிலேயே தெரிந்துவிட்டது.

“நான் சந்தேகப்படல,” என்றான்.

“பின்ன?”

“பயந்தேன்.”

“பயந்தா என்கிட்டதானே சொல்லணும்? கடைக்காரர்கிட்ட சொல்லியிருக்கீங்க. உங்க தங்கச்சிகிட்ட சொல்லியிருக்கீங்க. அவ தினம் போன் பண்ணி மூச்சுச் சத்தம் கேக்கறா.”

“உன்கிட்ட சொன்னா நீ அழுவ.”

“அழுதா அழுதுட்டுப் போறேன். அழுதா கரைஞ்சா போயிடுவேன்?”

அவன் நாற்காலியில் உட்கார்ந்து பெரியவளைப் பார்த்தான். அவள் முட்டை ஓட்டிலேயே கவனமாக இருந்தாள்.

“நீ சிரிச்சுக்கிட்டே சொன்ன,” என்றான் மெதுவாக. “எனக்கு அன்னைக்கு சோறு எறங்கல. இவ சிரிக்கறாளே, இவளுக்கு இது பெருசாத் தெரியலையேன்னு...”

“நீங்களும்தான் சிரிச்சீங்க.”

“நீ சிரிக்கறப்ப நான் என்ன பண்ண?”

“நான் ஏன் சிரிச்சேன்னு நெனச்சீங்க?” குரல் உயர்ந்தது, குழந்தையைப் பார்த்துத் தணித்துக்கொண்டாள். “சிரிக்காம அத எப்படிச் சொல்றது? சொல்லாம இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிஞ்சிருக்காது. நான்தானே வந்து சொன்னேன்?”

அவன் துண்டை மடித்தான். பிரித்தான். மறுபடி மடித்தான்.

“எங்க வேலையில ஒரு முறை இருக்கு. உனக்கே தெரியும். ஒருத்தன் நட்டு போல்ட்ட முறுக்கினா, இன்னொருத்தன் இழுத்துப் பாக்கணும். முறுக்கினவன் எவ்ளோ கெட்டிக்காரனா இருந்தாலும் சரி. அவன் வாயால சரின்னு சொல்லக் கூடாது. நான் முறுக்கினத நேத்து சேர்ந்த பையன்கூட இழுத்துப் பாப்பான். அது சந்தேகம் இல்ல. மேல ஆள் ஏறப்போகுது, அதுக்காக. நான் அப்படித்தான் நெனச்சேன்.”

“அந்தப் பையன் எப்ப இழுத்துப் பாப்பான்?”

“எப்பன்னா?”

“நீங்க அங்க இருக்கறப்பவா, நீங்க வீட்டுக்கு வந்தப்புறம் ஒளிஞ்சு போயா?”

அவன் துண்டை முழங்காலில் வைத்து அழுத்தினான்.

“சொல்லுங்க.”

“நான் இருக்கறப்பதான். பக்கத்துல நின்னு.”

“நீங்க முறுக்கினது சரியில்லன்னு அவன் மளிகைக் கடையில போய்ச் சொல்லுவானா?”

கயிற்றிலிருந்து ஒரு துணி நழுவி விழுந்தது. அவன் எழுந்து அதை எடுத்துப் பிழிந்து மறுபடி போட்டான். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னான்:

“நாளைக்கு எல்லாரையும் வேணாம்னு சொல்லிடறேன்.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் என்ன?”

“உங்களுக்கு பயம் போயிடுமா?”

துணியின் சுருக்கத்தை நீவிவிட்டான். “போகாது,” என்றான்.

அந்தப் பதிலில் பொய் இல்லை என்பதால், அவள் சோறு போட்டாள்.

மறுநாள் காலையில் பெரியவளைப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு அவன் இறங்கியபோது, அவள் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கடை முன்னால் குடையோடு நின்று என்னவோ சொன்னான். கடைக்காரர் தலையை ஆட்டினார். பிறகு மேலே நிமிர்ந்து பார்த்தார். அவளைக் கண்டதும் திருடனைப்போலக் கடைக்குள் நுழைந்துகொண்டார்.

அன்று யாரும் வரவில்லை. நாத்தனாரின் போன் வரவில்லை. மத்தியானம் கீழே டெய்லரம்மாவின் மிஷின் ஓடும் சத்தம் மட்டும் விடாமல் கேட்டது. அவள் துவைத்தாள், பெருக்கினாள், அரிசி களைந்தாள். பாதியில் ஓடிப்போய்க் குழந்தையைப் பார்த்தாள். கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு மறுபடி போய்ப் பார்த்தாள். முன்பு அப்படி ஓடியதில்லை. இப்போது வேறு யாரும் வராததால், அவர்கள் எல்லாருடைய கண்ணும் அவளிடமே தங்கிவிட்டது போலிருந்தது. தட்டுகிற சத்தம் கேட்காதா என்று ஒரு தடவை வாசலைப் பார்த்தாள். உடனே தன் மேலேயே எரிச்சல் வந்தது.

பள்ளி விடும் நேரத்துக்கு நல்ல மழை. குழந்தையைத் துணியில் சுற்றி மார்போடு கட்டிக்கொண்டு, பூட்டி, குடையை விரித்தாள். கடையைத் தாண்டும்போது கடைக்காரர் காலித் தராசையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கக் கூடாது என்று அவர் படும் பாடு பார்க்கவே சங்கடமாக இருந்தது.

“முட்டை இருக்கா?” என்றாள் அவள்.

“இருக்கும்மா, இருக்கு!” என்றார் அவர், உயிர் வந்தவரைப்போல.

“வரும்போது வாங்கிக்கறேன்.”

பள்ளி வாசலில் குடைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன. பிள்ளைகள் கும்பலாக வெளியே வந்தார்கள். பெரியவள் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். வந்ததும் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. நுனிக்காலில் எம்பி, மார்பில் கட்டியிருந்த துணியின் ஓரத்தை இரண்டு விரலால் விலக்கி, உள்ளே பார்த்தாள். பிறகு வாசலில் நின்ற டீச்சரைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினாள். டீச்சரும் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

மழைச் சாரல் அவள் முகத்தில் அடித்தது. தினமும் இப்படித்தான் செய்கிறாள் இவள். தங்கச்சி மேல் அவ்வளவு பாசம் என்று நினைத்து, அவளே தன் தங்கையிடம் போனில் பெருமையடித்துக்கூட இருக்கிறாள்.

“என்ன பாக்கற?”

“பாப்பா இருக்கான்னு.”

“அப்பா பாக்கச் சொன்னாரா?”

பெரியவள் தன் ஷூவைப் பார்த்தாள். “அது ரகசியம்.”

“சரி. சொல்ல வேணாம்.”

“இன்னைக்குக் காலைல அப்பா வேணாம்னுட்டாரு,” என்றாள் பெரியவள், சொல்லாமல் இருக்க முடியாமல். “இனிமே பாக்காத, அம்மா பாத்துப்பான்னாரு.”

“அப்புறம் ஏன் பாத்த?”

பெரியவள் யோசித்தாள். கன்னத்தில் வழிந்த தண்ணீரைத் தோளில் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

“பாக்காம எப்படிம்மா தெரியும்?”

கடைக்காரர் மேல் கோபப்பட முடிந்தது. கணவனை மடக்க முடிந்தது. இவளிடம் இரண்டும் செல்லாது. அன்றைக்கு இந்த வாசலில்தான் இவள் தனியாக நின்றிருந்தாள். அம்மா பாப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வெளிறி ஓடிவந்ததைப் பார்த்தவள் இவள் ஒருத்திதான். அதை இவளிடம் யாரும் சிரித்துக்கொண்டே சொல்லவில்லை.

அவள் ஈரத் தரையில் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். குடையைப் பெரியவள் கையில் கொடுத்தாள். கட்டியிருந்த துணியின் முடிச்சைத் தளர்த்தி, குழந்தையின் முகம், கை, வயிறு எல்லாம் தெரியும்படி விரித்துக் காட்டினாள்.

“நல்லா பாரு.”

பெரியவள் அவசரப்படாமல் பார்த்தாள். உள்ளங்காலைத் தொட்டாள். “மூக்குல பால் ஒட்டியிருக்கு,” என்றாள் கண்டிப்பாக.

அவள் முந்தானையால் துடைத்தாள். “வேற?”

“வேற ஒண்ணுமில்ல.” கொஞ்சம் தயங்கினாள். “நாளைக்கும் பாப்பேன்.”

“பாரு. எப்ப பாத்தாலும் என் முன்னாடி பாரு.”

“உன் முன்னாடிதானேம்மா பாக்கறேன்,” என்றாள் பெரியவள்.

அவள் முடிச்சை இறுக்கிக்கொண்டு எழுந்தாள். பெரியவள் குடையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒரு கையில் குடையும், இன்னொரு கையில் தங்கச்சியைக் கட்டியிருந்த துணியின் முனையுமாக நடந்தாள். குடைக் கம்பி அம்மாவின் நெற்றியில் இடித்தது. அவள் குடைக்குள் அடங்கும்படி குனிந்து, மகளின் நடைக்கு நடந்தாள்.